நா எங்கே நிற்கிறது: மௌனப் பயிற்சியா, செவிப் பயிற்சியா, கரித்தடமா, கருவியா?

‘அழ’ என்று ஒருமுறை சொல்லுங்கள். அடுத்த முறை சொல்லும்போது ழகரத்திலேயே நாவை நிறுத்தி, குரலை அடக்கிக்கொண்டு, நுனி எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். அண்ணத்தைத் தொடுகிறதா, தொடாமல் நிற்கிறதா? நாவின் இரண்டு ஓரங்களும் எதன்மேல் சாய்ந்திருக்கின்றன? பின்நா ஏறியிருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா? முதல் கேள்விக்கு ஏதோ ஒரு விடை உடனே கிடைத்துவிடும். இரண்டாவதில் தயக்கம் வரும். மூன்றாவதற்கு வருவது பெரும்பாலும் ஊகம்தான்.

ஒலியியல் பயின்றவர்களுக்கு இந்த உணர்வு கூடுகிறதா என்றால், கூடுகிறது. ஆனால் நா முழுக்க ஒரே அளவில் கூடுவதில்லை. நுனியில் சீக்கிரம் கூடும். ஓரங்களில், யாராவது சுட்டிக்காட்டினால்தான் கூடும். உயிரெழுத்துகளுக்கு நாமுதுகு எவ்வளவு ஏறுகிறது என்பதை உணர்வதற்கு நெடுநாள் பிடிக்கும். எந்த வழியில் பயின்றார்கள் என்பதும் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். ‘ஒலியியல் பயிற்சி’ என்ற ஒரே பெயருக்குள் நான்கு வேறுவேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. சத்தமில்லாமல் நாவை வைத்துப் பார்த்து உணர்வது ஒன்று. காதால் கேட்டு ஒலிக்குறிகளில் எழுதுவதும், அதன் தொடர்ச்சியாக ஒலியலையைத் திரையில் அளப்பதும் இன்னொன்று. நாவில் கரிப்பூச்சு தடவி அண்ணத்தில் விழும் தடத்தைப் படமெடுப்பது மூன்றாவது. அல்ட்ராசவுண்ட், மின் அண்ணத் தகடு போன்றவற்றில் நாவின் அசைவை நேரடியாகப் பார்ப்பது நான்காவது. மொழியியல் மாணவர், பேச்சுச் சிகிச்சை பயில்பவர், மொழியாசிரியர், உச்சரிப்பைச் சீர்செய்ய விரும்பும் பாடகர் என யாராக இருந்தாலும், இருக்கும் நேரத்தை இந்த நான்கில் எதற்குச் செலவிடுவது என்று முடிவெடுத்தாக வேண்டும்.

எங்கள் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மௌனப் பயிற்சியில் தொடங்குங்கள். அதைச் சரிபார்க்க வாய்க்கு வெளியே ஒரு சாட்சி கட்டாயம் வேண்டும். மெய்யெழுத்துகளுக்குக் கரித்தடமும், உயிரெழுத்துகளுக்கு ஒலியலை அளவும் பெரும்பாலோருக்குப் போதும். சாட்சியைப் பார்ப்பதற்கு முன்பு உணர்ந்ததைத் தாளில் எழுதிவிட வேண்டும் என்பதுதான் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாத விதி. ஏன் என்பது போகப்போக விளங்கும்.

நுனிக்கு உள்ள கூர்மை முதுகுக்கு இல்லை

உடம்பிலேயே தொடுவுணர்வு மிகக் கூர்மையாக உள்ள இடங்களில் நா நுனியும் ஒன்று. 1 முதல் 2 மி.மீ. இடைவெளியில் வைத்த இரண்டு முனைகளையும் அது இரண்டு என்றே பிரித்தறியும். பின்னால் போகப்போக இந்தக் கூர்மை மங்கிக்கொண்டே வரும். நாவின் முன் மூன்றில் இரண்டு பங்கின் தொடுவுணர்வை ஐந்தாவது மூளை நரம்பின் கிளை ஒன்று எடுத்துச் செல்கிறது. பின் மூன்றில் ஒரு பங்கு ஒன்பதாவது நரம்பின் பொறுப்பு. தகரத்தில் நா எங்கே படுகிறது என்று கேட்டால் பயிலாதவர்கூட ‘பல்லில்’ என்று சொல்லிவிடுவதும், ககரத்தைப் பற்றிக் கேட்டால் ‘உள்ளே எங்கேயோ’ என்பதும் இதனால்தான். கவனக்குறைவு என்று அதைக் குறை சொல்வதற்கில்லை.

உயிரெழுத்துகளில் நிலைமை இன்னும் கடினம். மெய்யொலிக்கு நா எதையாவது தொடும், தொட்ட இடம் இரண்டு பக்கமும் தெரியும்: நாவும் சொல்லும், அண்ணமும் சொல்லும். ‘ஆ’ என்னும்போது நாமுதுகு எதையும் தொடுவதில்லை. தசை எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்ற மங்கலான தகவல் மட்டுமே மிஞ்சும். ‘ஈ’ சற்று எளிது. நாவின் ஓரங்கள் மேல் கடைவாய்ப் பற்களின் உட்புறத்தில் அழுந்தும். அந்த அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டு உயரத்தை மதிப்பிடலாம்.

ஓரங்களைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயின்றவர்களே தவறவிடும் இடம் இதுதான். பேச்சின் பெரும்பகுதி நேரமும் நாவின் ஓரங்கள் மேல் பற்களையோ அண்ணத்தின் பக்கங்களையோ அணைத்தபடிதான் இருக்கின்றன. லகர ளகரங்களிலும், ஆகாரம் போலத் தாழ்ந்த உயிர்களிலும்தான் அந்தப் பிடி தளர்கிறது. ஆனால் ஒலியியல் பாடநூலில் நாம் பார்த்துப் பழகிய படம், தலையை நடுவில் நெடுக்காக வெட்டிய பக்கவாட்டுத் தோற்றம். அதில் ஓரம் என்ற ஒன்றே இல்லை. அந்தப் படத்தை மனப்பாடம் செய்தவர் தன் வாயை உணரச் சொன்னாலும் அந்தப் படத்தைத்தான் திருப்பிச் சொல்வார். டகரத்துக்கு நா நுனி வளைந்து நிற்பதைச் சொல்வார். குதிரை லாடம் போல இரு பக்கமும் மூடியிருக்கும் ஓரங்களைச் சொல்ல மாட்டார். அறிவு கூடியிருக்கும், உணர்வு கூடியிருக்காது. உணர்ந்ததை முன்கூட்டியே எழுதிவைக்கச் சொல்வது இந்தக் கலப்பைப் பிரித்துப் பார்க்கத்தான்.

மௌனப் பயிற்சி

கருவி வேண்டாம், துணை வேண்டாம், நாளைக்குப் பத்து நிமிடம் போதும். இதன் அடிப்படை எளியது: குரல் எழும்போது கவனம் காதுக்குப் போய்விடுகிறது, குரலை நிறுத்தினால்தான் தொடுவுணர்வு மேலே வரும். ஆகவே ஓர் ஒலியை முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு கிசுகிசுப்பாக, பிறகு மூச்சுகூட இல்லாமல் நாவை மட்டும் அசைத்து. மூன்றாவது நிலையில்தான் உணர்வு தெளியும்.

நாவை ஒரே இடத்தில் நெடுநேரம் அழுத்தி வைத்திருக்க வேண்டாம். இரண்டு மூன்று நொடிகளில் தொடுவுணர்வு பழகிப்போய் மங்கிவிடும். அதற்குமேல் நீங்கள் உணர்வது நினைவைத்தான். வைத்து எடுங்கள், மறுபடி வையுங்கள். படும் கணமும் விலகும் கணமும்தான் தகவல் தருபவை.

ஒற்றை ஒலியைவிட இணைகள் நல்ல ஆசான். ‘மோத’, ‘ஓட’ என்று மாற்றி மாற்றி வைத்தால், தகரத்தில் நா நுனி பரந்து மேல் பற்களின் பின்புறத்தில் அப்புவதும், டகரத்தில் நுனி குறுகி மேலே மடிவதும் தனித்தனியே புலப்படும். ‘ஆன’, ‘பூண’ இணையில் மேல் பல்லின் ஈற்றுக்கும் அண்ணத்துக்கும் உள்ள இடைவெளி தெரியும். ‘போல’, ‘ஆள’, ‘அழ’ மூன்றும் சேர்ந்தால்தான் ழகரத்தின் தனித்தன்மை பிடிபடும்: முதல் இரண்டிலும் நடுவில் நா படுகிறது, மூன்றாவதில் நடுப்பகுதி படாமல் நிற்கிறது.

காற்றுச் சோதனை ஒன்றும் உண்டு, ஓரங்களை உணர இதைவிட எளிய வழி இல்லை. ஒலியின் நிலையில் நாவை வைத்துக்கொண்டு மூச்சை விருட்டென்று உள்ளே இழுங்கள். காற்று போகும் பாதை மட்டும் சில்லிடும். லகரத்தில் நாவின் பக்கங்கள் சில்லிடும். சிலருக்கு இரு பக்கமும், சிலருக்கு ஒரே பக்கம். தன் லகரம் ஒரு பக்கத்தில்தான் திறக்கிறது என்பதை இந்தச் சோதனையில்தான் பலர் முதன்முதலாக அறிகிறார்கள். ஸகரத்தில் நடுக்கோடு மட்டும், மேல் முன்பற்களுக்குப் பின்னால். ழகரத்தில் நுனிக்கும் அண்ணத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி.

இந்தப் பயிற்சிக்கு வேண்டிய சொற்கள் தமிழில் பழையவை. தொல்காப்பியத்தின் பிறப்பியல், றகர னகரங்களுக்கு நுனிநா அண்ணத்தை ‘ஒற்ற’ வேண்டும் என்கிறது; ரகர ழகரங்களுக்கு ‘வருட’ வேண்டும் என்கிறது. லகர ளகரங்களுக்கு ‘நா விளிம்பு வீங்கி’ என்று தொடங்கி, ஒற்றலையும் வருடலையும் இரண்டையும் சொல்கிறது. ஒற்றல், வருடல் என்பவை படத்தில் பார்த்து எழுதக்கூடிய சொற்கள் அல்ல. நாவை வைத்துப் பார்த்த ஒருவருக்குத்தான் அந்த வினைகள் தோன்றும். விளிம்பைக் குறித்ததும் அப்படித்தான். பயிற்சிக் குறிப்பேட்டில் ‘எந்தப் பகுதி, எங்கே, ஒற்றியதா வருடியதா, விளிம்பு எதன்மேல், பின்நா மேலா கீழா’ என்று ஐந்து பத்திகள் போட்டுக்கொண்டால் எந்த மெய்யும் அதற்குள் அடங்கிவிடும்.

உயிரெழுத்துகளுக்கு இரண்டு உத்திகள். முதலாவது, தாடையை நிறுத்திவைப்பது. ‘ஈ, ஏ, ஆ’ என்னும்போது நாவின் உயரத்தில் ஒரு பங்கு தாடையால் வருகிறது. நாவின் பங்கு அதில் மறைந்துபோகிறது. ஒரு பென்சிலை ஒரு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே கடித்துக்கொள்ளுங்கள். மறுமுனை வாயோரம் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், வாய்க்குள் நழுவும் அளவில் சிறியதை வைக்கக் கூடாது. தாடை அசையாத நிலையில் அதே மூன்று உயிர்களையும் சொன்னால் ஏற்ற இறக்கம் முழுவதையும் நாவே செய்தாக வேண்டும். அப்போது ஓரங்களின் அழுத்தம் கூடிக் குறைவது நன்றாகத் தெரியும். தாடை மூட்டில் வலி உள்ளவர்கள் இதை விட்டுவிடலாம். இரண்டாவது, உதட்டைப் பிரிப்பது. ‘ஊ’ என்று நாவை வைத்து, நாவை அசைக்காமல் உதட்டை மட்டும் விரியுங்கள். பலருக்கு உதடு விரிந்ததும் நாவும் முன்னால் ஓடிவந்துவிடும். இரண்டையும் தனித்தனியே அசைக்க வரும்வரை பின்னுயிர்களில் நாவின் நிலையைச் சரியாக உணர முடியாது.

மௌனப் பயிற்சியின் பெரிய குறை, அது மெதுவான பேச்சை மட்டுமே காட்டுகிறது என்பது. இயல்பான பேச்சில் நொடிக்கு நான்கு முதல் ஆறு அசைகள் ஓடுகின்றன. ரகரத்தின் வருடல் 20 முதல் 30 மில்லி நொடிக்குள் முடிந்துவிடும். அந்த வேகத்தில் எந்தப் பயிற்சியும் நாவைத் தொடர்ந்து கவனிக்க வைக்காது. நிறுத்தி வைத்த நிலை ஒன்று, ஓடும் நிலை வேறொன்று. டகரத்தில் நா நுனி பின்னால் மடிந்து அண்ணத்தைத் தொட்டு, தொட்டபடியே முன்னோக்கி வழுக்கி, பல் ஈற்றுப் பக்கம் வந்து விடுபடுகிறது. நிறுத்திப் பார்ப்பவர் அந்தப் பயணத்தில் ஒரு புள்ளியை மட்டும் பிடித்துவிட்டு, அதுவே டகரம் என்று எழுதிவிடுவார்.

செவிப் பயிற்சியும் ஒலியலையும்

ஒலியியல் வகுப்புகளில் அதிக நேரம் எடுத்துக்கொள்வது இதுதான். கேள், போலச் சொல், குறியில் எழுது. உயிரெழுத்துகளுக்கு இதைத் தவிர்க்கவே முடியாது. எந்த மொழியின் உயிரையும் ஒப்பிட்டு அளக்க, ஆங்கில ஒலியியலாளர் டேனியல் ஜோன்ஸ் வகுத்த அளவுகோல் உயிர்கள் எட்டையும் பாருங்கள்: நாவின் உயரம், முன்பின் நிலை என்று அவற்றை விளக்குவார்கள், ஆனால் இரண்டே இரண்டு உயிர்கள்தான் நாவின் நிலையை வைத்து நிறுத்தப்பட்டவை. முன்னால் மிக உயர்ந்தது ஒன்று, பின்னால் மிகத் தாழ்ந்தது ஒன்று. நடுவில் உள்ளவை காதுக்குச் சம இடைவெளியாகப் படும்படி வைக்கப்பட்டவை. நாவின் வரைபடம் போலத் தோன்றுவது பெரும்பகுதி காதின் வரைபடம். தொடுவுணர்வு கைகொடுக்காத இடத்தில் காதைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

ஆனால் காது நல்ல ஒலியைக் காட்டிக்கொடுக்கும், நாவின் நிலையைக் காட்டிக்கொடுக்காது. அமெரிக்க ஆங்கிலத்தின் ரகரம் இதற்குத் தெளிவான சான்று. சிலர் நுனியை மேலே மடித்துச் சொல்கிறார்கள். சிலர் நுனியைத் தாழ்த்தி, நாவின் நடுப்பகுதியைக் குவித்துச் சொல்கிறார்கள். இரண்டும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றே. எந்த வகை தன்னுடையது என்பது பேசுபவருக்கே பெரும்பாலும் தெரியாது. வேறு மொழி பேசி வளர்ந்து ழகரம் கற்பவரிடமும் இதே ஐயம் எழும்: ஒலி ஏறக்குறைய சரியாக இருக்கும், நுனி மடிந்ததா நடுநா குவிந்ததா என்று கேட்டுச் சொல்ல முடியாது. எளிய சோதனை ஒன்று உண்டு. ழகரத்தை நிறுத்திக்கொண்டு, முன்பற்களுக்கு நடுவே சுத்தமான பஞ்சுக்குச்சியை மெதுவாக உள்ளே விடுங்கள். நாவின் அடிப்பக்கத்தில் பட்டால் நுனி மடிந்திருக்கிறது. மேல்பக்கத்தில் பட்டால் குவிந்திருக்கிறது.

ஒலியலையை அளக்க ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பால் போர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய ‘பிராட்’ மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் தெரியும் ஒத்ததிர்வுப் பட்டைகளில் (வாய்க்குள் ஒலி வலுக்கும் அதிர்வெண்களில்) முதலாவது நாவின் உயரத்துக்கு எதிராக நடக்கும்: நா ஏறினால் அது இறங்கும். வளர்ந்த ஆண் குரலில் ‘ஈ’க்கு ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸ், ‘ஆ’வுக்கு 700-ஐ ஒட்டி. இரண்டாவது பட்டை நா முன்னால் வரும்போது ஏறும்: ‘ஈ’க்கு 2200, 2300 என்ற அளவு, ‘ஊ’வுக்கு 900-ஐ ஒட்டி. நா நுனி பின்வளையும்போது மூன்றாவது பட்டை இரண்டாவதை நோக்கி இறங்குவதை ழகரத்தில் காணலாம்.

தொடங்குபவர்கள் தவறும் இடங்கள் இரண்டு. ஒன்று, அமைப்பு. பட்டைகளைத் தேடும் உச்ச அளவை ஆண் குரலுக்கு 5000, பெண் குரலுக்கு 5500 ஹெர்ட்ஸ் என்று வைத்து ஐந்து பட்டைகளைத் தேடச் சொல்ல வேண்டும். சிறு குழந்தைக்கு 8000 வரை போகலாம். மாற்றாமல் விட்டால் இரண்டு பட்டைகளை ஒன்றாகவும் ஒன்றை இரண்டாகவும் காட்டி, நா எங்கோ துள்ளியதாக நம்ப வைத்துவிடும். இரண்டாவது, உதடு. உதடு குவிந்தாலும் இரண்டாவது பட்டை இறங்கும், நா பின்வாங்கினாலும் இறங்கும். எண் மட்டும் பார்த்தால் எது நடந்தது என்று தெரியாது. கண்ணாடியில் உதட்டைப் பார்த்தபடி பதிவுசெய்தால் இந்தக் குழப்பம் பாதியாகக் குறையும்.

உயிரெழுத்துகளின் நா உணர்வை வளர்க்க மௌனப் பயிற்சியும் இந்த அளவையும் சேர்ந்தது போல வேறில்லை. மூன்று உயரங்களில் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்து, நாவை வைத்து உணர்ந்து, எழுதி, பிறகு வாய்விட்டுச் சொல்லி அளவைப் பாருங்கள். முதல் பட்டையின் எண்கள் நீங்கள் எழுதிய வரிசையிலேயே வந்தால் உணர்வு வேலை செய்கிறது.

கரித்தடம்

எங்களுக்கு மிகவும் பிடித்தது இது. பழைய முறைதான், ஆனாலும் மெய்யொலியில் நா எங்கே பட்டது என்பதை மறுக்க முடியாத அடையாளமாகக் காட்டும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் செயலூட்டிய கரிப்பொடியையும் ஆலிவ் எண்ணெயையும் ஏறக்குறையச் சம அளவில் குழையுங்கள். கண்மை போல வழியாமல் நிற்க வேண்டும். எண்ணெய் கூடினால் தடம் ஓடிக் கலையும். கரி கூடினால் திட்டுத்திட்டாக ஒட்டும். மாத்திரை சாப்பிடுபவர்கள் கரிக்குப் பதிலாகக் கோக்கோப் பொடியைப் பயன்படுத்தலாம், ஏனென்றால் கரி மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். நாவை மெல்லிய தாளால் ஒற்றி உமிழ்நீரை எடுத்துவிட்டு, மென்மையான தூரிகையால் நுனி, விளிம்புகள், மேற்பரப்பு எனக் குமட்டல் வராத தூரம்வரை பூசுங்கள். விளிம்பை விட்டுவிட்டால் லாட வடிவத்தின் இரு கால்களும் தடத்தில் வராது.

சொல்லைத் தேர்ந்தெடுப்பதில்தான் வெற்றி இருக்கிறது. அளக்க வேண்டிய ஒலியைத் தவிர வேறெதற்கும் நா அண்ணத்தைத் தொடக் கூடாது. உயிரிலோ உதட்டொலியிலோ தொடங்கி, அகரத்தில் வாய் திறந்தபடி முடிய வேண்டும். தமிழின் ‘செய’ என்னும் எச்சம் இதற்கென்றே செய்தது போல அமைந்திருக்கிறது: ‘அழ’, ‘ஆள’, ‘ஓட’, ‘ஆற’, ‘வர’, ‘மோத’, ‘பூண’. லகரத்துக்குப் ‘போல’, னகரத்துக்கு ‘ஆன’. ‘பழம்’ என்று முழுதாகச் சொன்னால் கடைசி மகரத்தில் வாய் மூடும். மூடும்போது நா அண்ணத்தில் ஒட்டித் தடத்தைக் கெடுத்துவிடும்.

பூசியபின் விழுங்காமல் ஒரே ஒருமுறை சொல்லுங்கள். வாயைத் திறந்தபடியே வைத்து, வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் துடைத்த சிறு கண்ணாடியை மேற்பக்கம் பார்க்கச் சாய்த்து உள்ளே விட்டு, அதில் தெரியும் அண்ணத்தைக் கைப்பேசியில் படமெடுங்கள். நனைக்காத கண்ணாடியில் மூச்சுப் பட்டுப் பனி படியும். பிறகு வாயைக் கொப்பளித்து, அடுத்த சுற்றில் அண்ணத்தில் பூசி அதே சொல்லைச் சொல்லி நாவைப் படமெடுங்கள். முதல் படம் எங்கே பட்டது என்று சொல்லும். இரண்டாவது, நாவின் எந்தப் பகுதி பட்டது என்று சொல்லும். டகரத்தில் நுனியின் அடிப்பக்கம் கறுத்திருப்பதைப் பார்க்கும்போது பலரும் வியந்துபோவார்கள். மேல்பக்கம்தான் படுகிறது என்று அதுவரை எழுதியிருப்பார்கள்.

குறைகள்: ஒரு சொல்லுக்கு ஒரு படம்தான், அதுவும் நடந்தது முழுவதையும் ஒன்றாகப் பூசிக் காட்டும். டகரத்தின் வழுக்கல் முழுதும் ஒரே அகலமான கறையாகத் தெரியும். உயிரெழுத்துகளுக்கும், பின்அண்ணத்தில் படும் ககரத்துக்கும் உதவாது. ஒரே நாளில் ஐந்தாறு சொற்களுக்குமேல் எடுத்தால் வாய் எரிச்சலடைந்து உச்சரிப்பே மாறிவிடும். ஒவ்வொரு சொல்லையும் மூன்று தனித்தனிச் சுற்றுகளில் எடுத்து, மூன்றிலும் பொதுவாக வருவதை மட்டும் எழுதுங்கள்.

கருவிகள்

அல்ட்ராசவுண்ட் கருவியைத் தாடைக்குக் கீழே வைத்தால், பேசப்பேச நாமுதுகு ஒரு வெண்கோடாகத் திரையில் அசைகிறது. அந்த வெண்பட்டையின் கீழ் விளிம்பே நாவின் மேற்பரப்பு. உயிரெழுத்துகளையும் ககரத்தையும் பின்நாவையும் பார்க்க இதற்கு நிகர் இல்லை. தொடுவுணர்வு எங்கே மங்கலோ அங்கே இது தெளிவு. பின்நா உணர்வை வளர்க்க வேண்டியவர்கள், குறிப்பாகப் பேச்சுச் சிகிச்சை பயில்பவர்கள், வாய்ப்புக் கிடைத்தால் விடக் கூடாது.

ஆனால் ட, ழ போல நுனி மடியும் தமிழின் நாமடி ஒலிகளைப் பார்க்கப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். தாடையெலும்பின் நிழல் நுனியை மறைக்கும். நுனி மேலே மடிந்ததும் அதன் கீழே காற்று புகும். காற்றைத் தாண்டி அலை போகாது. பார்க்க விரும்பிய அந்த வளைவே திரையிலிருந்து மறைந்துவிடும். அண்ணமும் அதே காரணத்தால் தெரியாது. ஒரு வாய் நீர் விழுங்கும்போது தெரியும் கோட்டைக் குறித்துவைத்து, அதை அண்ணமாகக் கொள்ள வேண்டும். கருவியை அழுத்திப் பிடித்தால் நா அசைவதற்குத் தடை வரும். சற்றே பக்கவாட்டில் நழுவினால் நடுக்கோடு தவறி, நா தாழ்ந்துவிட்டதாகக் காட்டும். நொடிக்கு 30 படம் எடுக்கும் கருவியில் இரண்டு படங்களுக்கு நடுவே 33 மில்லி நொடி ஓடிவிடும். ரகரத்தின் வருடல் முழுவதும் அந்த இடைவெளிக்குள் தொலைந்துபோகலாம்.

மின் அண்ணத் தகடு கரித்தடத்தின் ஓடும் வடிவம். ஒருவரின் பல் அச்சு எடுத்து அவருக்கென்றே செய்யும் மெல்லிய தகட்டில் மின்முனைகள் பதித்திருப்பார்கள். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தின் பெயரால் வழங்கும் ரெடிங் வகைத் தகட்டில் 62 முனைகள், எட்டு வரிசைகளில்: முதல் வரிசையில் 6, மற்றவற்றில் 8. நொடிக்கு 100 முறை எவையெவை தொடப்பட்டன என்று பதிவாகும். டகரம் பின்னால் தொடங்கி முன்னால் வழுக்குவதையும், ஓரங்கள் அணைத்து நிற்பதையும் இதைப் போல எதுவும் காட்டாது. நாவின் எந்தப் பகுதி பட்டது என்பதை மட்டும் சொல்லாது. தகடு போட்ட புதிதில் பேச்சே மாறிவிடுவதால், ஒன்றிரண்டு மணி நேரமாவது போட்டுப் பேசிப் பழகிய பிறகே பதிவு செய்ய வேண்டும்.

நாவில் சிறு உணரிகளை ஒட்டிக் காந்தப்புலத்தில் அளப்பதும், எம்.ஆர்.ஐ. எடுப்பதும் ஆய்வுக்கூட வேலை. பயிற்சிக்காக யாரும் அங்கே போக வேண்டியதில்லை. ஒன்றைக் கவனிக்கலாம். தமிழின் ர, ற, ல, ள, ழ ஐந்தையும் ஆராய்ந்து நாராயணன், பேர்ட், கான் மூவரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு, எம்.ஆர்.ஐ., அண்ணத்தடம், காந்தப்புல அளவை மூன்றையும் சேர்த்தே பயன்படுத்தியது. ஒரு சாட்சி ஐந்து ஒலிகளுக்கும் போதாது.

திரையைப் பார்த்தே பயில்வதில் இன்னொரு சிக்கல், அது ஊன்றுகோலாகிவிடும். கோடு சரியாக வரும்வரை நாவை அசைக்கக் கண் கற்றுக்கொள்ளும். நாவின் உணர்வு வளராது. திரையை அணைத்ததும் கற்றது நழுவும். பத்து முறை முயன்றால் மூன்று முறை மட்டும் திரையைப் பாருங்கள், அதுவும் கண்ணை மூடிச் சொல்லி, நா எங்கே நின்றது என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு.

யாருக்கு எது

மொழியியல் மாணவருக்கு மௌனப் பயிற்சி ஆறு வாரம், நாளைக்குப் பத்து நிமிடம். வாரம் ஒரு நாள் கரித்தடம், ஒரு நாள் பிராட். செவிப் பயிற்சி வகுப்பிலேயே கிடைத்துவிடும். மொழியாசிரியருக்கு மௌனப் பயிற்சியும் காற்றுச் சோதனையும் முதன்மை, ஏனென்றால் இவை இரண்டையும்தான் வகுப்பறையில் அப்படியே சொல்லிக்கொடுக்க முடியும். பாடகருக்கும் நடிகருக்கும் உயிரெழுத்துகள் முக்கியம் என்பதால் பென்சில் உத்தியும் ஒலியலை அளவும். மேடையில் நிற்கும்போது நாவை நினைக்கக் கூடாது. பழகி ஓடிக்கொண்டிருக்கும் அசைவின்மேல் கவனத்தை வைத்தால் அது தடுமாறும். பயிற்சி நேரத்துக்கு நா, மேடைக்குக் காது.

பேச்சுச் சிகிச்சை பயில்பவர் நான்கையும் தொட வேண்டும், அதில் ஓரங்களுக்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டும். குழந்தையின் ஸகரம் பக்கவாட்டில் காற்றுக் கசிந்து ஒலிக்கும்போது கோளாறு நுனியில் இல்லை, ஓரம் மூடவில்லை. தன் வாயில் அந்த மூடலை உணராதவர், ‘நாக்கைப் பல்லுக்குப் பின்னால் வை’ என்று நுனிக்கே கட்டளை இட்டுக்கொண்டிருப்பார். குழந்தையும் வைத்துக்கொண்டே இருக்கும், கசிவும் நிற்காது.

எழுதியதும் சாட்சியும் ஒத்துப்போகாத நாள்கள் வரும். உடனே உணர்வுதான் தவறு என்று அடித்துவிட வேண்டாம். அந்தச் சொல்லை இரண்டு வேகங்களில், நிறுத்தி ஒருமுறை, ஓடும் பேச்சில் ஒருமுறை, தனித்தனியே கரித்தடம் எடுங்கள். நிறுத்திச் சொன்ன தடம் உங்கள் குறிப்போடு ஒத்து, ஓடும் பேச்சின் தடம் மட்டும் முன்னால் நகர்ந்திருந்தால், நீங்கள் உணர்ந்தது சரி. வேகத்தில் ஒலி இடம் மாறுகிறது, அவ்வளவுதான். இரண்டுமே ஒத்துவராவிட்டால், அந்த இணையை மட்டும் எடுத்து மறுபடி மூச்சில்லாத நிலையிலிருந்து தொடங்குங்கள். பக்கவாட்டுப் படம் இருக்கும் பாடநூலை அந்த வாரம் முழுதும் மூடியே வையுங்கள்.